தரையிலேயே முடிவாகிவிடும் தாண்டல்

கள்ளக்குறிச்சி மாவட்டத்து எலவனாசூர்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் குதிரை என்றதும் அய்யனார் கோயில் வாசலில் நிற்கும் மண்குதிரைதான் நினைவுக்கு வரும். ஆனால் இது குதிரைக்குப் பேர்போன மண். பக்கத்துத் திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர் என்கிறது சிறுபாணாற்றுப்படை. போர்க்குதிரைகளின் காலம் முடிந்துவிட்டது. மனிதனும் குதிரையும் ஒருவரையொருவர் நம்பிச் செய்யும் வேலை மட்டும் முடியவில்லை. இன்று அதை மிகத் தெளிவாகக் காட்டும் விளையாட்டு ‘ஷோ ஜம்பிங்’, அதாவது தடை தாண்டுதல். நம் நாட்டில் இதை நடத்தி வளர்ப்பது இந்தியக் குதிரையேற்றக் கூட்டமைப்பு.

திடலில் வண்ணக் கட்டைகளால் ஆன தடைகள் இருக்கும். அவற்றைக் குறித்த வரிசையில், குறித்த நேரத்துக்குள் தாண்ட வேண்டும். கட்டை ஆழமில்லாத ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும்; குளம்பு கொஞ்சம் பலமாக உரசினாலே விழுந்துவிடும். விழுந்தால் 4 தண்டப் புள்ளி. ஒலிம்பிக்கில் தடைகளின் உயரம் 1.60 மீட்டரைத் தொடும். 500 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு உயிர், முதுகில் ஒரு ஆளையும் சுமந்துகொண்டு அதை எப்படித் தாண்டுகிறது?

கடைசி எட்டில் குதிரையின் முன்னங்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் ஊன்றுகின்றன. முன்னோக்கி வந்த வேகத்தைத் தடுத்து, உடலின் முன்பாதியை மேலே தூக்கிவிடுவது அந்த ஊன்றல்தான். குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்களை உடலோடு இணைப்பது மூட்டு அல்ல, தசைகளும் தசைநார்களும்தான். நெஞ்சுக்கூடு அந்தத் தசைகளுக்கு நடுவே தொங்குகிறது. அதனால் ஊன்றும்போதும் இறங்கும்போதும் விழுகிற அதிர்ச்சியில் பெரும்பகுதியை அவை வாங்கிக்கொள்கின்றன. முன்பாதி எழுந்ததும் பின்னங்கால்கள் இரண்டும் வயிற்றுக்கு அடியில் வந்து ஏறக்குறைய ஒரே நேரத்தில் தரையை உதைக்கின்றன. தாண்டலுக்கான விசையில் பெரும்பங்கு அங்கிருந்து கிடைக்கிறது.

குளம்பு தரையைவிட்ட பிறகு பாதையை மாற்ற முடியாது. எறிந்த கல்லைப் போலவே குதிரையின் ஈர்ப்பு மையமும் ஒரு வளைகோட்டில்தான் போயாக வேண்டும். காற்றில் குதிரை செய்யக்கூடியது கால்களை மடக்குவது, முதுகை வளைத்துக் கழுத்தை நீட்டுவது மட்டுமே. ஆனால் அதிலும் பெரிய லாபம் இருக்கிறது. உயரமான குதிரை சும்மா நிற்கும்போதே அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலே இருக்கும். கால்களை நன்றாக மடக்கிக்கொண்டால், தடையின் முழு உயரத்துக்கு உடலை எழுப்ப வேண்டியதில்லை.

கண்ணின் கதை இன்னும் வியப்பானது. பக்கவாட்டில் அமைந்த கண்களால் குதிரை தன்னைச் சுற்றி ஏறக்குறைய 350 பாகை பார்க்கிறது. ஆனால் நெற்றிக்கு நேர் முன்னால் ஒரு சிறு பகுதி அதற்குத் தெரியாது. தடையை நெருங்க நெருங்க, கட்டை அந்த மறைவுக்குள் நழுவுகிறது. கடைசிக் கணத்தில், கொஞ்சம் முன்பு பார்த்து மனதில் கணித்ததை நம்பித்தான் குதிரை எழும்புகிறது. நிறங்களிலும் நமக்குத் தெரிவதெல்லாம் அதற்குத் தெரியாது. நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும்; சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாது. இதை ஆராய்ந்த பிறகுதான் பிரிட்டனின் தடைப் பந்தயத் திடல்களில் ஆரஞ்சு நிறக் கட்டைகளை 2022இல் வெள்ளைக்கு மாற்றத் தொடங்கினார்கள்.

ஆகவே எங்கிருந்து எழும்புவது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. போட்டிக்கு முன் வீரர்கள் திடலில் நடந்து தூரம் அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். மனிதனின் 4 பெரிய எட்டு, குதிரையின் ஒரு எட்டு. அதாவது சுமார் 3.6 மீட்டர். ஒரு தடையைத் தாண்டி இறங்க 1.8 மீட்டர், நடுவே ஒரு எட்டு, அடுத்ததற்கு எழும்ப 1.8 மீட்டர் என்று வைத்தால், இரண்டு தடைகளுக்கு நடுவே 7.2 மீட்டர். இதோடு அரை மீட்டரைக் கூட்டியோ குறைத்தோ வைத்துவிட்டால், எட்டை நீட்டுவதா சுருக்குவதா என்ற கேள்வி எழுந்துவிடும். அதற்குக் கடிவாளத்தாலும் காலாலும் உட்காரும் விதத்தாலும் முன்கூட்டியே பதில் சொல்பவர்தான் வீரர்.

தாண்டும்போது அவருடைய வேலை, குதிரைக்கு இடைஞ்சலாக இல்லாமல் இருப்பது. முன்பெல்லாம் சவாரி செய்பவர்கள் தாண்டும்போது பின்னால் சாய்ந்து கடிவாளத்தை இழுத்துப் பிடித்தார்கள். குதிரையின் முதுகும் வாயும் வலித்தன. இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடரிகோ காப்ரில்லி இதைத் தலைகீழாக மாற்றினார். சேணத்திலிருந்து சற்று எழுந்து முன்னால் சாய்ந்து, குதிரையின் தலைக்கும் கழுத்துக்கும் முழு விடுதலை கொடுத்தார். உலகம் முழுவதும் இன்று அதே முறைதான். 1949இல் சிலி நாட்டில் ஆல்பர்ட்டோ லாரகீபெல் ஏறிவந்த உவாசோ என்ற குதிரை 2.47 மீட்டர் தாண்டியது. அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை.

ஒரு தேசிய அமைப்பின் தேவை இங்கேதான் புரிகிறது. குதிரைக்கு வாய் பேச வராது. அதற்காக விதிகள் பேச வேண்டும். உயரமாகத் தாண்டட்டும் என்று பயிற்சியில் கட்டையால் குதிரையின் காலில் அடிப்பதைப் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு தடைசெய்திருக்கிறது. ஊக்கமருந்துச் சோதனை வீரருக்கு மட்டுமல்ல, குதிரைக்கும் உண்டு. 1921இல் தொடங்கிய அந்தப் பன்னாட்டுக் கூட்டமைப்பின் விதிகளை இந்தியத் திடல்களுக்குக் கொண்டுவருவதும், தேசியப் போட்டிகளை நடத்துவதும் நம் கூட்டமைப்பின் பொறுப்பு.

பலனும் தெரிகிறது. 1982 டெல்லி ஆசியப் போட்டியில் இந்தியா குதிரையேற்றத்தில் 3 தங்கம் வென்றது. 2018 ஆசியப் போட்டியில் பெங்களூருவின் ஃபவாத் மிர்ஸா, தடை தாண்டுதலையும் ஒரு பகுதியாகக் கொண்ட ‘ஈவென்டிங்’ பிரிவில் வெள்ளி வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில் அதே பிரிவின் தடை தாண்டும் இறுதிச் சுற்றுவரை போய் 23ஆம் இடம் பிடித்தார். 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில், குதிரையை நுட்பமாக நடத்திக் காட்டும் பிரிவான டிரெஸ்ஸாஜில் இந்திய அணி தங்கம் வென்றது.

அண்மையில் வென்ற இவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர்கள். செலவு மிகுந்த விளையாட்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் முதல் பாடத்துக்கு உயரமான தடையே தேவையில்லை. சமமான மணல் தரை, சாதுவான ஒரு குதிரை, விஷயம் தெரிந்த ஆசிரியர், தரையில் கிடத்திய சில கட்டைகள் போதும். குதிரை அவற்றை மிதிக்காமல் கடக்கும்போது எட்டுகளை எண்ணக் கற்றுக்கொள்ளும் பிள்ளை, இந்த விளையாட்டின் சாரத்தைப் பிடித்துவிடுகிறது. அந்த வாய்ப்பு பெருநகரங்களைத் தாண்டிக் கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டங்களுக்கும் வர வேண்டும். கூட்டமைப்பு அடுத்துச் செய்ய வேண்டிய பெரிய வேலை அதுவே.