ஆட நமக்குச் சம்மதம். வீட்டில் பாட்டியைக் கேட்டோமா?

2018-இல் சுக்மா போட்டியை ஏற்று நடத்தியது நம் பேரா மாநிலம். அடுத்த சுக்மா 2020-இல் ஜொகூரில் நடந்திருக்க வேண்டும். கோவிட்-19 காரணமாக அது முதலில் தள்ளிவைக்கப்பட்டு, பின்னர் ரத்தானது. மீண்டும் சுக்மா நடந்தது 2022-இல்தான். இளம் விளையாட்டாளருக்கு நான்கு ஆண்டு என்பது சின்ன இழப்பல்ல.

அப்படியானால் சீக்கிரமே திடலைத் திறந்திருக்க வேண்டுமா? மலேசிய சூப்பர் லீக் காற்பந்து 2020 மார்ச்சில் நின்று, ஆகஸ்டு இறுதியில் ரசிகர்கள் இல்லாமல் மீண்டும் தொடங்கியது. ஆனால், அந்த ஆட்டக்காரர்களுக்கு அது சம்பளம் தரும் தொழில். மாணவர்களின் நிலை வேறு.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களே இதில் ஒத்துப்போகவில்லை. ஹார்வர்ட், யேல் அடங்கிய ஐவி லீக் 2020 ஜூலையிலேயே அந்தப் பருவப் போட்டிகளைக் கைவிட்டது. பிக் டென் எனும் கூட்டமைப்போ ஆகஸ்டில் ஒத்திவைத்து, செப்டம்பரில் தினசரிப் பரிசோதனையோடு விளையாட முடிவெடுத்தது.

"விருப்பமுள்ளவர் மட்டும் விளையாடட்டும்" என்பது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால், அந்த விருப்பம் எவ்வளவு சுதந்திரமானது? நம் நாட்டில் அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு உரியது. குழுவில் இடம் பறிபோகும், பயிற்றுநரின் மனம் கோணும் என்ற பயமும் உண்டு. மறுத்தால் இழப்பு என்றால், அது முழுச் சம்மதம் ஆகாது.

இன்னொன்றும் உண்டு. ரப்பர் தோட்டங்களை விட்டு சுங்கை சிப்புட்டுக்கும் ஈப்போவுக்கும் குடிபெயர்ந்த நம் குடும்பங்கள் பலவற்றில் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்கள். இளைஞருக்குச் சாதாரணக் காய்ச்சலாக வந்துபோகும் கிருமி, முதியவரின் உயிரைப் பறிக்கலாம். பாரத்தில் கையெழுத்திடுபவர் மாணவர். ஆபத்தைச் சுமப்பது வீடு முழுவதும்.

அதற்காக எல்லாவற்றையும் பூட்டி வைப்பதும் தீர்வாகாது. விளையாட்டுதான் மேற்படிப்புக்கு வழி என்று நம்பும் மாணவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். எனவே, இனி இப்படியொரு நிலை வந்தால், திடலைத் திறக்கும் முன் மூன்று உறுதிமொழிகளைக் கேட்போம்: விலகி நிற்பவருக்குக் குழு இடமோ புள்ளியோ குறையாது, பரிசோதனைச் செலவு மாணவர் தலையில் விழாது, முதியவர் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டிக் காலத்தில் தங்க வேறு இடம் கிடைக்கும்.

இம்மூன்றையும் தர முடியாத நிர்வாகம், திடலைத் திறக்க இன்னும் தயாராகவில்லை என்றே பொருள்.