சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் சாமி!

விழுப்புரத்துக்குப் பக்கத்தில் திருவாமாத்தூர். தேவாரம் பாடிய மூவருமே பாடிய தலம். அபிராமேஸ்வரர் கோயில் என்றதும் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வட்டப்பாறைதான் ஞாபகம் வரும். அங்கே பொய்ச் சத்தியம் செய்தவன் பிழைக்க மாட்டான் என்பது நம்பிக்கை.

ஒரு கதை சொல்வார்கள். அண்ணன், தம்பி இரண்டு பேர். ஒருத்தன் பணத்தை இன்னொருத்தன் அமுக்கிவிட்டான். பஞ்சாயத்து வட்டப்பாறைக்கு வந்தது. அமுக்கினவன் பலே கில்லாடி! பணத்தைக் கைத்தடிக்குள் ஒளித்து, 'இதைக் கொஞ்சம் பிடி' என்று ஏமாந்தவன் கையிலேயே கொடுத்துவிட்டு, 'பணம் என்கிட்ட இல்லை, அவன்கிட்டதான் இருக்கு' என்று சத்தியம் செய்தான். வார்த்தைக்கு வார்த்தை நிஜம்! அப்புறம் தடியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினான். வழியில் பாம்பு போட்டதாம்.

இதற்கும் அமெரிக்க மார்மன் சபைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது சார்.

1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் ஆரம்பித்த சபை அது. இன்று உலகம் முழுக்க ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை. மது, புகையிலை கூடாது. காபி, டீயும் கூடாது! (கும்பகோணத்துக்காரர்கள் இந்த இடத்திலேயே வெளிநடப்பு செய்துவிடுவார்கள்.) மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை உபவாசம். மிச்சமாகும் சாப்பாட்டுக் காசு ஏழைகளுக்கு. அன்றைக்கு யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்லலாம். 'நம்புகிறேன்' என்பதைவிட, 'இது உண்மை என்று எனக்குத் தெரியும்' என்பதுதான் அங்கே வழக்கம்.

சந்தேகக்காரனுக்குத் தொண்டை அடைப்பது இங்கேதான். ஆரம்பித்தவரின் பலதார மணம் உறுத்துகிறது. கறுப்பின ஆண்களுக்கு 1978 வரை குருத்துவம் மறுத்தது உறுத்துகிறது. 'எனக்குத் தெரியும்' என்று சொன்னால் பொய். எழுந்து போய்விடலாமென்றால் பெண்டாட்டி, அம்மா, அப்பா, சிநேகிதன் எல்லாரும் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்!

அப்படியும் பலர் தங்குகிறார்கள். பயத்தால் மட்டுமல்ல. உள்ளூர்ச் சபையில் பிஷப்புக்குக்கூடச் சம்பளம் கிடையாது. வாரமெல்லாம் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை சபை. ஆளுக்கொரு பொறுப்பு. வீடு வீடாகப் போய் நல்லது கெட்டது விசாரிக்கவும் ஏற்பாடு உண்டு. 'நான் போய்விட்டால் அந்தப் பத்துப் பிள்ளைகளுக்கு யார் பாடம் சொல்வது?' என்ற கேள்விக்கு வேதாந்தம் தேவையில்லை. 2013 அக்டோபர் மாநாட்டில் உக்டார்ஃப் என்ற மூத்த தலைவரே, தலைவர்களும் தவறு செய்ததுண்டு, சந்தேகத்தோடு வருகிறவருக்கும் இங்கே இடமுண்டு என்ற பொருளில் பேசினார்.

நம்ம ஊர்க்காரர் ஒருவரும் உண்டு. கோயம்புத்தூர் பால் திருத்துவதாஸ், கணக்கு எழுதுகிற உத்தியோகம். 1950-களில் இந்தச் சபையைப் பற்றிப் படித்துவிட்டு அமெரிக்காவுக்குக் கடிதம் போட ஆரம்பித்தார். ஞானஸ்நானம் கிடைத்தது 1965-ல்! அதுவரை பக்கத்தில் சபையும் இல்லை, தோள் தட்ட ஆளும் இல்லை. இன்னொரு வேடிக்கை. பாரம்பரியத் திருத்துவக் கொள்கையை ஏற்காதது மார்மன் சபை. இவர் பெயரோ திருத்துவதாஸ். பெயரே டேலி ஆகவில்லை. ஆனாலும் மனிதர் விடவில்லை.

பி.காம். படித்தவர்களுக்கு இது புரியும். ட்ரயல் பாலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் யாரும் லெட்ஜரைக் கொளுத்துவதில்லை. வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டுவிட்டு, தப்பு எங்கே என்று தேடுவோம். ஆபீஸும் நடக்கும், தேடலும் நடக்கும்.

ஒரே நிபந்தனை. அந்தத் தொகையை ஒளிக்கக் கூடாது. 'எல்லாம் டேலி' என்று கையெழுத்துப் போடச் சொல்லி மிரட்டினால், கேள்வி கேட்டவனை ஒதுக்கி வைத்தால், ராஜினாமாவும் நேர்மையான காரியம்தான். போனவனைத் துரோகி என்பதும், இருப்பவனை முட்டாள் என்பதும் ஒரே ரகத் திமிர்.

மார்மன் மட்டுமா? பஜனை மடம், ஜமாத், சர்ச், ஏன், பகுத்தறிவு மன்றத்தில்கூட மனசுக்குள் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் வைத்திருப்பவர்கள் உண்டு. வட்டப்பாறைக் கில்லாடிக்கு வார்த்தை நிஜம், மனசு பொய். இவர்கள் கதை வேறு. 'எனக்கு எல்லாம் தெரியாது. இவங்க எனக்கு வேணும், அதனால வர்றேன்' என்று வாய்விட்டுச் சொல்கிறவன் கையில் தடி கிடையாது. அவன் எந்தப் பாறை முன்னாலும் நிற்கலாம்.

அடுத்த ஞாயிறும் அவன்தான் முதலில் வந்து நாற்காலி போடுவான். கூட்டம் முடிந்தால் ஒரு டம்ளர் காபி கிடைக்காது. அது மட்டும் தனி வருத்தம்!