வேலைகளுக்கு இடையே ஒரு வேலை: குழந்தைக்குப் பின்னும் காலுறை

இல்லத்து வேலைகள் இருவகைப்படும். இடையில் விட்டாற் கெட்டுப்போவன ஒருவகை; எந்நேரமும் விட்டு, விட்ட இடத்திலிருந்தே மீண்டும் தொடரத்தக்கன மற்றொரு வகை. அடுப்பில் ஏறிய பால் முதல்வகையைச் சேர்ந்தது. அது பொங்கி வரும் வேளையில் வேறொன்றிலும் கருத்தைச் செலுத்த இயலாது. ஊசியில் ஏறிய கம்பளிநூலோ இரண்டாம் வகையைச் சேர்ந்தது. தொட்டிலிற் குழந்தை சிணுங்கினாலும், படலையடியில் ஒருவர் வந்து கூப்பிட்டாலும், சோறு வடிக்க நேரமானாலும், அதனை அப்படியே மடித்துக் கூடையில் வைத்துவிட்டு எழுந்து செல்லலாம். ஒரு மணி கழித்து வந்தாலும், மறுநாள் வந்தாலும் கண்ணிகள் ஊசியிலேயே காத்திருக்கும்.

இந்தப் பொறுமையே பின்னற்கலையை இல்லத்துக்கு உரியதாக்கியது. அதே பொறுமை அக்கலையின் உழைப்பைப் பிறர் கண்ணுக்குத் தெரியாமலும் செய்துவிட்டது. பல வேலைகளுக்கு நடுவே நடப்பதால் அதனைப் பொழுதுபோக்கு என்று சொல்லி ஒதுக்குவது உலக வழக்கமாயிற்று. பிறந்த குழந்தைக்கென ஒரு சோடி காலுறை பின்னப்படும் வகையை ஆராய்ந்தால், அக்கூற்று எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கும்.

முதலில், பின்னல் என்பது யாது? நெசவுக்குத் தறி வேண்டும். பாவு, ஊடு என இருதிறத்து நூல்கள் வேண்டும். தறி கிடக்கும் இடத்துக்கு நெய்பவர் போகவேண்டும். பின்னலுக்கு ஒரே நூலும் ஊசிகளும் போதும். அவை பின்னுபவர் போகுமிடமெல்லாம் போகும். ஓர் ஊசியில் நூலாலான கண்ணிகள் வரிசையாக நிற்கும். மற்ற ஊசியின் முனையை ஒரு கண்ணியினுள் நுழைத்து, நூலைச் சுற்றி, அக்கண்ணியினூடாக ஒரு புதிய கண்ணியை இழுத்தெடுப்பதே தொழில் முழுவதும். கண்ணியை முன்புறமாக இழுப்பது ஒருவிதம், பின்புறமாக இழுப்பது ஒருவிதம். இவ்விரண்டையும் மாற்றி மாற்றி அமைப்பதிலிருந்தே பெரும்பாலான பின்னல் வகைகள் பிறக்கின்றன.

இவ்வாறு அமைந்த துணியில் நூல் எங்கும் வளைந்தே நிற்கிறது. இழுத்தால் வளைவு நிமிரும். விட்டால் மீண்டும் சுருங்கும். நம் நாட்டுப் பேச்சுவழக்கில் மேசு எனப்படும் காலுறைக்கு இக்குணம் இன்றியமையாதது. அகன்ற குதியைத் தாண்டி ஏறவும் வேண்டும்; ஒடுங்கிய கணுக்காலில் நழுவாமல் நிற்கவும் வேண்டும். நெய்த துணியை வெட்டித் தைத்தால் இவ்விரண்டும் எளிதில் ஒருங்கே அமைவதில்லை.

காலுறையின் வரலாறு நெடியது. எகிப்து நாட்டில் ஒக்சிரிங்கசு என்னும் பழைய நகரத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட செந்நிறக் கம்பளிக் காலுறைகள் இலண்டனிலுள்ள விக்டோரியா அல்பேர்ட் அரும்பொருளகத்தில் இருக்கின்றன. அவை கி.பி. 4ஆம் அல்லது 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. செருப்பின் வாருக்கு இடம் விட்டுப் பெருவிரல் தனியாகவும் மற்ற விரல்கள் தனியாகவும் அவை ஆக்கப்பட்டுள்ளன. ஆயினும் அவை ஒற்றையூசியால் முடிச்சிட்டு ஆக்கப்பட்டவை. இரண்டு ஊசி கொண்டு கண்ணி இழுக்கும் முறை அதற்குப் பின்னரே தோன்றியது. 1400ஆம் ஆண்டை ஒட்டி யேர்மனிய ஓவியர் பேர்ட்ராம் தீட்டிய படம் ஒன்றில், மரியாள் நான்கு ஊசிகளைக் கொண்டு தன் குழந்தைக்குச் சட்டை பின்னிக்கொண்டிருக்கக் காணலாம். அக்காலத்திலேயே இத்தொழில் தாய்க்கும் குழந்தைக்கும் உரிய வீட்டுக் காட்சியாகிவிட்டது என்பதற்கு அவ்வோவியம் சான்று. 1589இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் பொறியை அமைத்தார். எனினும் கைப்பின்னல் ஒழிந்துவிடவில்லை. பொறிக்கு ஓர் இடமும் முழுநேர ஆளும் வேண்டியிருந்தன. கையூசியோ வீட்டு வேலைகளின் இடைவெளியிலேயே இயங்கியது.

அவ்விடைவெளி எத்துணைச் சிறியதாயிருந்தாலும் பின்னுவோருக்குப் போதும் என்பதை ஸ்கொத்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெற்லாந்துத் தீவுகளின் பெண்கள் காட்டினர். ஆடவர் மீன்பிடிக்கக் கடலுக்குச் சென்றபின், வயலும் மாடும் பிள்ளைகளும் அவர்கள் பொறுப்பிலேயே இருந்தன. அடுப்பெரிக்கும் கரிமண்ணைச் சேற்றுநிலத்திலிருந்து கூடையிற் சுமந்து வருவதும் அவர்களே. கூடை முதுகில் இருந்தமையால் கைகள் இரண்டும் வெறுமையாயிருந்தன. அக்கைகளால் அவர்கள் நடந்துகொண்டே பின்னினர். இடுப்பில் ஒரு தோற்பட்டி; அதில் குதிரைமயிர் அடைத்த, துளைகளுள்ள ஒரு சிறு மெத்தை. ஓர் ஊசியின் முனையை அத்துளையிற் செருகிவிட்டால் ஊசி அசையாது நிற்கும். ஒரு கையின் பாரம் குறையும். சுமையோடு நடந்தவாறே பின்னும் இப்பெண்களைப் பழைய ஒளிப்படங்களில் இன்றும் காணலாம்.

அவர்கள் பின்னிய காலுறைகளும், மோதிரத்தினூடாக இழுத்தெடுக்கத்தக்க அளவு மெல்லிய சால்வைகளும் தூரதேசங்களில் விலைப்பட்டன. ஆனால் பின்னியவர் கையிற் பணம் சேரவில்லை. வணிகர் கூலிக்குப் பதிலாகத் தேயிலையும் துணியுமே கொடுத்தனர். வீட்டில் மாவு இல்லாத நாளில், பெற்ற தேயிலையை அயலாரிடம் கொடுத்து மாவாக மாற்றிக்கொள்ளவேண்டிய நிலை சிலருக்கு ஏற்பட்டது. 1872இல் அரசாங்க விசாரணைக்குழு இவர்களுடைய சாட்சியத்தைக் கேட்டுப் பதிவு செய்தது. 1887இல் நிறைவேறிய சட்டம், வீட்டிற் பின்னிய பொருள்களுக்கும் காசாகவே விலை கொடுக்கவேண்டும் என விதித்தது. எனினும் பழைய வழக்கம் உடனே மறைந்துவிடவில்லை. ஓய்வுநேரத்தில் ஆனது என்று கருதப்படும் பொருளுக்கு உரிய விலை கொடுக்க உலகம் எளிதில் முன்வருவதில்லை என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இனி, குழந்தையின் காலுறை உருவாகும் முறையைப் பார்க்கலாம். மெல்லிய நூலும், 2.5 மில்லிமீற்றர் பருமனும் இருபுறமும் கூரும் உள்ள ஊசிகள் நான்கும் போதியவை. 36 கண்ணிகளை மூன்று ஊசிகளில் ஊசிக்குப் பன்னிரண்டாகப் பகிர்ந்து, நான்காம் ஊசியால் வட்டமாகப் பின்னவேண்டும். முதற் பன்னிரண்டு சுற்றுக்கு இரண்டு கண்ணி முன்புறமும் இரண்டு கண்ணி பின்புறமுமாக மாற்றிப் பின்னினால், கணுக்காலைப் பற்றிக்கொள்ளும் வரிப்பின்னல் அமையும். அதன்பின் 16 சுற்று நேராக வரும். இப்பகுதிக்கு எண்ணிக்கை மிகுதியாக வேண்டியதில்லை. வானொலியைக் கேட்டுக்கொண்டும், பிள்ளையின் வாய்ப்பாட்டைத் திருத்திக்கொண்டும் இதனைப் பின்னலாம்.

குதியோ அவ்வாறன்று. 36இல் பாதியான 18 கண்ணிகளை மட்டும் எடுத்து, முன்னும் பின்னுமாக 18 வரிசை பின்னினால் ஒரு சிறு மடல் தொங்கும். அதன்பின் மடலின் நடுப்பகுதியிற் குறுகிய வரிசைகள் இட்டு, ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் இரண்டு கண்ணிகளை ஒன்றாக்கித் திரும்பவேண்டும். வரிசை நீள நீள, மடல் தானாகவே வளைந்து ஒரு கிண்ணம் போலாகும். முடிவில் 10 கண்ணிகள் எஞ்சும். மடலின் இரு ஓரங்களிலும் ஒன்பது ஒன்பதாகக் கண்ணிகளைப் பொறுக்கி, முன்னர் ஒதுக்கிய 18 கண்ணிகளோடு சேர்த்தால் மொத்தம் 46. ஒன்றுவிட்டொரு சுற்றில் இரண்டிரண்டாகக் குறைத்துவர, 10 சுற்றில் மீண்டும் 36 ஆகும். நேராக வந்த குழாய் பாதத்தின் திசைக்குத் திரும்பியிருக்கும். இவ்வளவும் எண்ணிச் செய்யவேண்டியவை. ஆதலின் அனுபவமுள்ளவர் குதியைப் பகலிற் தொடங்குவதில்லை. பிள்ளைகள் உறங்கியபின் விளக்கடியில் அமர்ந்து திருப்புவர்.

பாதத்துக்கு 10 சுற்று நேராகப் பின்னியபின், சுற்றுவிட்டுச் சுற்று நான்கு நான்காகக் குறைத்தால் விரல்முனையில் 16 கண்ணிகள் எஞ்சும். அவற்றை எட்டு எட்டாக எதிரெதிரே நிறுத்தித் தையலூசியால் இணைக்கவேண்டும். கண்ணியின் வழியையே அவ்வூசி பின்பற்றிச் செல்வதால் அங்கே மேடோ தழும்போ தோன்றுவதில்லை. ஆங்கிலேயர் படைத்தலைவர் கிச்செனரின் பெயரால் இத்தையல் இன்றும் வழங்குகிறது. 1914இல் மூண்ட முதலாம் உலகப் போரில், சேறும் நீரும் நிறைந்த பதுங்குகுழிகளில் நாட்கணக்கில் நின்ற வீரர்களின் பாதங்கள் அழுகத் தொடங்கின. உலர்ந்த காலுறைகளை அடிக்கடி மாற்றுவது அதற்கு முக்கியமான காப்பாயிற்று. எனவே பல நாடுகளின் இல்லங்களிலிருந்தும் சோடிசோடியாகக் காலுறைகள் போர்முனைக்குச் சென்றன. விரல்முனையில் தடித்த தையல் இருந்தால் தோல் உரசிப் புண்ணாகும். நெடுந்தூரம் நடக்கும் வீரனுக்கு அது பெருந்துன்பம். சிசுவுக்கும் அத்தையல் துன்பமே. நோவுகிறது என்று வாய்திறந்து சொல்ல மட்டும் அதற்கு இயலாது.

மேற்கூறிய கணக்கின்படி ஒரு சோடி சிறு காலுறையில் ஏறத்தாழ 5,000 கண்ணிகள் உள்ளன. ஒவ்வொன்றும் தனித்தனியே கையால் இழுக்கப்பட்டது. அதனைப் பெறும் காலின் நீளமோ 9 சென்ரிமீற்றர்.

இத்துணை உழைப்பு வெறும் அலங்காரத்துக்கானதா என்று சிலர் வினவலாம். பிறந்த சிசு, குறிப்பாக நிறைகுறைந்து பிறந்த சிசு, தன் உடற்சூட்டை விரைவில் இழந்துவிடும். 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், அத்தகைய சிசுக்களைத் தாயின் மார்போடு தோல் தோலிற் படுமாறு அணைத்து வைத்துக் காக்கும் முறை தொடங்கியது. கங்காருவின் பெயரால் வழங்கும் அம்முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அவ்வாறு அணைக்கப்படும் சிசுவுக்கு அணையாடையோடு கூடத் தேவைப்படுவன ஒரு தொப்பியும் ஒரு சோடி காலுறையுமே. தாயின் மார்பு மறைக்காத தலையையும் பாதங்களையும் அவை காக்கின்றன.

ஆயினும் காலநிலைக்கேற்ற நூலைத் தெரிவு செய்தல் வேண்டும். கடல்மட்டத்துக்கு மேல் 1,800 மீற்றருக்கும் கூடிய உயரத்திலுள்ள நுவரெலியாவில், தைமாசத்து இரவுக் குளிர் 10 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்குவதுண்டு. அங்கே மென்கம்பளி தகும். யாழ்ப்பாணத்து வெயிலில் அதே கம்பளி குழந்தையின் தோலிற் சூட்டுக்கொப்புளங்களை உண்டாக்கும். அங்கே பருத்தி நூலே பொருத்தம். நலமாயுள்ள குழந்தை வீட்டினுள் உறங்கும்போது தொப்பியைக் கழற்றிவிடுதல் வேண்டும். அதிகச் சூடும் ஆபத்தானது. காலுறையின் உட்புறத்தில் நூற்றும்பு எதுவும் தொங்கலாகாது. அது சிறுவிரலிற் சுற்றி இறுகினால் இரத்தவோட்டம் தடைப்படும். கழுத்தருகே நாடாக்களும், வாயில் அகப்படும் பொத்தான்களும் அறவே கூடா.

கழுவும் முறையையும் கொடுப்பவர் நினைத்தல் நன்று. கம்பளியிழையின் மேற்பரப்பிற் செதில்கள் உண்டு. வெந்நீரில் இட்டுக் கசக்கினால் அவை ஒன்றோடொன்று கொளுவி இறுக, காலுறை பொம்மைக்கும் போதாத அளவாகச் சுருங்கிவிடும். இரவில் உறக்கமின்றி இருக்கும் தாய்க்கு அன்பளிப்பு மேலும் ஒரு வேலையாகக் கூடாது. எளிதிற் கழுவத்தக்க நூலில் ஆனதே அவளுக்கு உண்மையான உதவி.

பல தமிழ் இல்லங்களில் பிறந்த குழந்தைக்கு முதலில் உடுத்துவது பழந்துணியே. பலமுறை துவைத்து மென்மையான தாயின் சேலைத்துண்டு பிஞ்சுத்தோலுக்கு இதமானது என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். முப்பத்தோராம் நாளில் துடக்குக் கழிந்தபின்னரே உற்றாரும் அயலாரும் புதுப்பொருள்களோடு குழந்தையைப் பார்க்க வருவர். அந்நாளுக்கென்று பின்னுபவர் காலுறையைச் சற்றுப் பெரிதாகவே பின்னலாம். பாதப்பகுதியில் நான்கு சுற்றுக் கூட்டினால் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீளும். காலும் அதற்குள் வளர்ந்துவிடும்.

சில மாதங்களில் அக்காலுறை அக்காலுக்குப் போதாமற் போகும். கழுவி உலர்த்தி அலுமாரியில் வைத்தால், அடுத்த குழந்தைக்கு அது உதவும். அதனைப் பின்னியவர் அதற்கென ஒரு நாளையும் ஒதுக்கியிருக்கமாட்டார்; பால் காய்வதற்கு முன்னும், சோறு வடித்த பின்னும் கிடைத்த சிறுசிறு பொழுதுகளையே அதற்குக் கொடுத்திருப்பார். அப்பொழுதுகளும் உழைப்பே என்பதை, அக்காலுறையைக் கையில் வாங்குவோர் அறிந்து வாங்குதல் நன்று.