கடலில் விடுமுன் கணினியில் ஓட்டிய விதி

கணினிக்குள் ஒரு கடலை உருவாக்கி மீன்வளத்தைக் காக்கலாம் என்று சொன்னால், பலருக்கும் முதலில் தோன்றுவது ஜோசியம்தான். பத்து வருஷம் கழித்துக் கடலில் இத்தனை டன் மீன் இருக்கும் என்று அது சொல்லிவிடுமாக்கும் என்று நினைக்கிறார்கள். அந்த வேலையில் கணினி அவ்வளவு கெட்டியில்லை. அது உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் வேறு. டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். ஒரு மீனை வைத்தே சொல்லிவிடலாம்.

தெற்கு நீலத்துடுப்புச் சூரை. நம் சந்தைச் சூரையின் பெரிய உறவு. இருநூறு கிலோவைத் தாண்டியும் வளரும், நாற்பது வயதுகூட வாழும். சினை பிடிக்கவே ஏறக்குறைய பத்து வயதாகிவிடும். உலகத்தில் இது முட்டையிடும் இடம் ஒன்றே ஒன்று: ஜாவாவுக்கும் ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரைக்கும் நடுவிலுள்ள கடல். குஞ்சுகள் மேற்குக் கரையோரமாகத் தெற்கே இறங்கி வளர்கின்றன. பெரிதானவை தென்பெருங்கடல்களில் சுற்றுகின்றன. ஜப்பானில் பச்சையாக உண்ணும் சஷிமிக்கு இதற்குத் தனி மவுசு. 1960களின் தொடக்கத்தில் ஒரே ஆண்டில் சுமார் 80,000 டன் பிடித்தார்கள். 2009 வாக்கில் முட்டையிடும் மீன்கூட்டம் ஆதியில் இருந்ததில் நூற்றுக்கு ஐந்து என்ற அளவுக்குத் தேய்ந்துவிட்டது.

இடைப்பட்ட காலத்தில் யாரும் கணக்குப் போடாமல் இல்லை. ஆஸ்திரேலியா, ஜப்பான், நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து 1994இல் ஓர் ஆணையமே அமைத்திருந்தன. ஆனால் ஒவ்வொரு நாட்டு விஞ்ஞானிகளும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். மீன் தேறிவருகிறது என்றது ஜப்பான் தரப்பு, இல்லை என்றன மற்ற இரண்டும். ஜப்பான் சோதனை மீன்பிடிப்பு என்று தனியாகத் தொடங்க, 1999இல் வழக்கு ஹாம்பர்க்கிலுள்ள சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் வரை போனது. அந்தச் சோதனை மீன்பிடிப்பை நிறுத்தச் சொல்லித் தீர்ப்பாயம் இடைக்கால உத்தரவு போட்டது. இதைவிடப் பெரிய அடி 2006இல் விழுந்தது. ஜப்பானின் உண்மையான பிடிப்பு, கணக்கில் காட்டியதைவிடப் பல ஆண்டுகளாக மிக அதிகம் என்று ஆய்வுக்குழு சொன்னது. எந்தப் புள்ளிவிவரத்தின்மேல் எல்லாரும் சண்டை போட்டார்களோ, அந்தப் புள்ளிவிவரமே நம்ப முடியாததாகிவிட்டது.

இனி அந்தக் கணினிக் கடலுக்கு வருவோம். உள்ளே மீன்கள் வயதுவாரியாக எண்களாக இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் இத்தனை தானாகச் சாகும், இத்தனை தூண்டிலில் மாட்டும், வளர்ந்தவை முட்டையிடும், குஞ்சுகளில் இத்தனை பிழைக்கும். இந்த "இத்தனை" எதுவும் நிச்சயமாகத் தெரியாது. ஆகவே ஒரு கடலைச் செய்வதில்லை, பலவற்றைச் செய்கிறார்கள். ஒன்றில் குஞ்சுகள் நன்றாகப் பிழைக்கும், இன்னொன்றில் பிழைக்காது. வேறொன்றில் கணக்கில் வராத திருட்டுப் பிடிப்பு இருக்கும். எல்லாமே பழைய தகவலோடு பொருந்துகிற, இருக்கக்கூடிய கடல்கள்தான்.

அந்தக் கடல்களில் மீன்பிடி விதிகளை ஒவ்வொன்றாக ஓடவிடுகிறார்கள். இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த நுணுக்கம் இருக்கிறது: கணினிக்குள் உண்மையில் எத்தனை மீன் என்பது விதியின் கண்ணுக்குக் காட்டப்படாது. கரையில் இருப்பவருக்குக் கிடைக்கும் அரைகுறைத் தகவல் மட்டுமே அதற்கும் கிடைக்கும். அதை வைத்து, எவ்வளவு பிடிக்கலாம் என்ற ஒதுக்கீட்டை அது நிர்ணயிக்கும். அந்த அளவு மீன் பிடிபடும். அடுத்த ஆண்டு வரும். இப்படிப் பல பத்தாண்டுகள் ஓட்டி, மறுபடி முதலிலிருந்து, ஆயிரக்கணக்கான முறை. மோசமான கடலிலும் மீனைக் கவிழ்க்காத விதி எதுவோ அது தேறும்.

ஒரு விதியைப் பாருங்கள்: ஆயிரம் கொக்கிக்கு விழும் மீன் கூடினால் ஒதுக்கீட்டைக் கூட்டு, குறைந்தால் குறை. கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீனுக்கு நேர்ந்தது இதன் ஆபத்தைக் காட்டும். மீன் குறையக் குறைய, மிஞ்சியவை ஓரிடத்தில் திரண்டன. இழுவைக் கப்பல்களும் அங்கேயே தேடிப்போய் அள்ளின. மீன்பாடு நன்றாகவே தெரிந்தது, கணக்கும் தெம்பாகவே சொன்னது. மீன் குறைகிறது, சிறுத்துவருகிறது என்று கரையோர மீனவர்கள் 1980களிலேயே முறையிட்டும் எடுபடவில்லை. 1992 ஜூலையில் அரசு மீன்பிடிப்பையே நிறுத்தியபோது சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். அதனால் சூரைக்கான விதி கொக்கிக் கணக்கை மட்டும் நம்பவில்லை. விமானத்திலிருந்து இளமீன் கூட்டங்களைப் பார்த்த கணக்கும் அதற்குள் போனது.

2011இல் பாலித் தீவில் கூடிய ஆணையம் தேறிய விதியை ஏற்றது. 2035க்குள் முட்டையிடும் கூட்டம் ஆதி அளவில் 20 சதவீதத்தைத் தொட வேண்டும், அதற்கான வாய்ப்பு 70 சதவீதமாவது இருக்க வேண்டும். ஒதுக்கீடு மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறும். ஒரே வீச்சில் 3,000 டன்னுக்கு மேல் ஏறாது, இறங்காது. படகுக்குக் கடன் கட்டுபவனுக்கு அந்தக் கடைசி வரி எவ்வளவு முக்கியம்! எண்ணிக்கை கையில் வருவதற்கு முன்பே விதிக்கு எல்லாரும் கையெழுத்திட்டுவிட்டதால், யார் கணக்குச் சரி என்ற பழைய வழக்கு ஓய்ந்தது. கணினிக் கடலின் பெரிய உபகாரம் இதுவே என்பேன்.

மீனை எண்ணவும் ஒரு புது வழி பிறந்தது. பாலியின் பெனோவா துறைமுகத்தில் இறங்கும் பெரிய சூரையிலிருந்தும், தென் ஆஸ்திரேலியாவில் பிடிபடும் இளஞ்சூரையிலிருந்தும் சதைத் துணுக்கு வெட்டி, மரபணுவில் தாய்-பிள்ளை, தகப்பன்-பிள்ளை உறவு தேடினார்கள். சின்ன கிராமத்தில் கண்ணில் பட்ட இருவரை நிறுத்தினால் சொந்தக்காரர்களாக இருப்பார்கள், சென்னையில் அப்படி அமைவது அபூர்வம், அதே தர்க்கம்தான். 14,000 துணுக்குகளில் கிடைத்தவை 45 ஜோடிகள். அந்த எண்ணிலிருந்து கடலில் எத்தனை பெரிய மீன் என்று கணித்துவிட்டார்கள். கொக்கிக் கணக்கு அதற்குத் தேவைப்படவே இல்லை.

2009இல் சராசரி 9,449 டன்னாகக் குறைக்கப்பட்ட ஒதுக்கீடு 2018இல் 17,647 டன்னுக்கு ஏறியது. 2020 மதிப்பீட்டில் முட்டையிடும் கூட்டம் 20 சதவீதத்தை எட்டியிருந்தது, கெடுவுக்குப் பதினைந்து ஆண்டு முன்பாகவே. எல்லாப் புகழும் கணினிக்கே என்று சொல்லமாட்டேன். 2009இன் அந்த வலிமிகுந்த குறைப்பும், 2010 முதல் ஒவ்வொரு மீனுக்கும் சீட்டுக் கட்டி ஆவணத்தோடு சந்தைக்கு அனுப்பிய ஏற்பாடும் இல்லாமல் இது நடந்திருக்காது.

பாலி விதியும் நிரந்தரமாக நிலைக்கவில்லை. அது நம்பியிருந்த விமானக் கணக்கெடுப்பே நின்றுபோனது. உள்ளே போடத் தகவல் இல்லாமல் விதி ஓடாது. புதிதாக ஒன்றை மறுபடி கணினிக் கடல்களில் ஓட்டி, 2019இல் கேப்டவுனில் ஏற்றார்கள். இதில் விமானத்துக்குப் பதில், இரண்டு வயது மீனிடம் துணுக்கு எடுத்துவிட்டு உயிரோடு கடலில் விடுகிறார்கள்; அடுத்த ஆண்டு பிடிபடும் மீன்களில் அதே மரபணு எத்தனையில் திரும்புகிறது என்று பார்க்கிறார்கள். கடல் நிலவரம், சோதித்த எல்லைக்குள்தான் இருக்கிறதா என்று விஞ்ஞானிகள் ஆண்டுதோறும் சரிபார்ப்பதும் ஏற்பாட்டின் ஒரு பகுதி. எல்லை மீறிப் போயிருந்தால், விதி சொல்லும் எண்ணை அப்படியே ஏற்காமல் ஆணையம் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும்.