பழைய சைமனை என்ன செய்வது?

டொராண்டோவில் வசிக்கும் சைமன் ஜாரெட் கார் விபத்தில் தலையில் அடிபட்டவன். சிகிச்சை ஆய்வுக்காக மூளையை ஸ்கேன் எடுக்கச் சம்மதித்து நாற்காலியில் உட்காருகிறான். கண் விழித்தால் 2104. அட்லாண்டிக் கடலடியில் ஓர் ஆய்வு நிலையம். வால்மீன் மோதியதில் மேலே உலகமே அழிந்துகிடக்கிறது. உண்மையான சைமன் எப்போதோ இறந்துவிட்டான்; விழித்திருப்பது அந்த ஸ்கேனிலிருந்து இயங்கும் நகல். ஸ்வீடனின் ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் 2015இல் வெளியிட்ட ‘சோமா’ என்ற வீடியோ கேமின் கதை இது.

ஒரு கட்டத்தில் அவன் இன்னும் ஆழத்துக்கு இறங்க வேண்டும். இருக்கிற உடல் அந்த அழுத்தத்தைத் தாங்காது. துணைக்கு வரும் கேத்தரின் வேறு உடலைத் தயார் செய்கிறாள். சைமன் நாற்காலியில் அமர்கிறான். புதிய உடலில் விழிக்கிறான். நிம்மதி வருவதற்குள், ஏன் ஒன்றுமே நடக்கவில்லை என்று கேட்கும் குரல் காதில் விழுகிறது. அது அவனுடைய குரல். பழைய உடலில் இருக்கும் சைமன் இன்னும் அங்கேயேதான் இருக்கிறான்.

கணினியில் ஒரு கோப்பை வேறு டிஸ்க்குக்கு ‘நகர்த்தும்போது’ உள்ளே நடப்பதும் இதுதான். முதலில் பிரதி எடுக்கப்படும். பிறகு மூலம் அழிக்கப்படும். சைமன் விஷயத்தில் இரண்டாவது வேலையை யாரும் செய்யவில்லை. பேசிக்கொண்டிருந்த பழையவன் இப்போது மயங்கிக் கிடக்கிறான். விழித்தால் ஆளில்லாத நிலையத்தில் தனியாகக் கிடப்பான். அவனுடைய பேட்டரியைத் தீர்த்துவிடலாம், அப்படியே விட்டும் போகலாம். முடிவு ஆடுபவர் கையில்.

தத்துவவாதி டெரக் பார்ஃபிட் 1984இலேயே இந்தச் சிக்கலை எழுதிவிட்டார்: செவ்வாயில் உங்கள் நகல் உருவாகிறது, பூமியில் நீங்களும் மிச்சமிருக்கிறீர்கள். ‘அதே ஆள்’ என்பதே முக்கியமில்லை என்பது அவர் வந்தடைந்த முடிவு. புத்தகத்தில் படிக்கும்போது தலையாட்ட முடிகிறது. பேட்டரி விசையின் முன் நிற்கும்போது முடிவதில்லை.

மூளையை நகலெடுக்கும் இந்த இடத்துக்கு வர அறிவியலுக்கு இன்னும் வெகுதூரம். 302 நரம்பணுக்கள் கொண்ட ஓர் உருளைப்புழுவின் இணைப்பு வரைபடம் 1986இல் வெளியானது. அந்தப் புழுவைப் போலவே எல்லாவற்றிலும் நடந்துகொள்ளும் கணினிப் புழு இன்னும் இல்லை. வளர்ந்த பழ ஈயின் மூளை வரைபடம், சுமார் 1,39,000 நரம்பணுக்களோடு, 2024இல்தான் வந்தது. நம் மூளையில் இருப்பவை ஏறத்தாழ 8,600 கோடி.

‘மாஸ் எஃபெக்ட்’ போன்ற கேம்கள் நம் முடிவுகளுக்குப் புள்ளி போட்டு நல்லவர், முரடர் என்று கணக்கு வைக்கும். சோமாவில் அந்தக் கணக்கே கிடையாது. பழைய சைமனைக் கொன்றாலும் விட்டாலும் கதை மாறாது. இதைக் குறை என்பவர்கள் உண்டு. எனக்கு இதுதான் அதன் மிகப்பெரிய துணிச்சலாகத் தெரிகிறது. பரிசும் தண்டனையும் போனபின் செய்த காரியம் மட்டும் நம்மிடம் தங்கிவிடுகிறது.

இதைவிடக் கனமான ஓர் இடம் முன்பே வந்துபோகிறது. ஒரு கடவுச்சொல் தேவைப்படுகிறது. அதை அறிந்த பிராண்டன் இறந்துவிட்டான், ஸ்கேன் மட்டும் இருக்கிறது. அவனைச் சிமுலேஷனில் எழுப்பிக் கேட்கிறோம். அவன் சந்தேகப்பட்டுக் கலவரமடைந்தால் அணைத்துவிட்டு, சூழலை மாற்றி மறுபடி எழுப்புகிறோம். ஒவ்வொரு முறையும் அவனுக்கு அதுதான் முதல் முறை. பார்வைக்கு இது ஒரு புதிர். அதனால் கை தயங்குவதில்லை. பழைய சைமனுக்கும் அவனுக்கும் என்னால் காண முடிகிற ஒரே வேறுபாடு, பிராண்டன் பேசுவது நம் குரலில் இல்லை என்பதுதான்.