சயாம் மரண ரயில்: கைதிக்கு இழப்பீடு, தோட்டத் தொழிலாளிக்கு?

நெகிரி செம்பிலான் உட்பட மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களில் பலர் திரும்பவே இல்லை. 1942-43இல் ஜப்பானிய ராணுவம் அங்கிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை அமைத்தது. அதில் 12,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் மாண்டனர். மாண்ட ஆசியத் தொழிலாளர்களோ அதைப்போல் பல மடங்கு.

1951 சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையில், அப்போது மலாயாவை ஆண்ட பிரிட்டனும் கையெழுத்திட்டது. அதன் 16ஆவது விதி போர்க் கைதிகளின் இழப்பீட்டுக்கு வழி செய்தது; தோட்டத் தொழிலாளர்களைச் சேர்க்கவில்லை. 2000இல் பிரிட்டன், உயிரோடிருந்த தன் முன்னாள் கைதிகளுக்குத் தலா 10,000 பவுண்டு அறிவித்தது. தான் ஆண்ட நாட்டுத் தொழிலாளிக்கு அதில் பங்கில்லை.

கைதிகளுக்குப் பதிவேடும் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகளும் உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. சயாம் சென்ற தாத்தாவின் பெயர், தோட்டம் ஆகியவற்றைக் குடும்பங்கள் இப்போதே எழுதி வைத்தால்தான், நாளை நியாயம் கேட்க ஆதாரம் இருக்கும்.