அரிப்பு ஆளிடமா, கிட்டங்கியிலா?

மழைக்காலம் முடிந்து கிட்டங்கியில் அடுக்கிய சரக்கைப் புரட்டும்போது நம் கடைகள் சிலவற்றில் ஒரு தொல்லை தலைகாட்டுவதுண்டு. மூட்டை தூக்குபவருக்கும் மாவு நிறுக்கும் பையனுக்கும் கையிலும் கழுத்திலும் இடுப்பிலும் சிவப்பாகத் தடிக்கும். தாங்க முடியாமல் அரிக்கும். “சொறி பிடித்தவனை வைத்துக்கொண்டால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார்?” என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அவர் இடத்துக்கு வேறொருவர் வருகிறார். சில நாட்களில் அவருக்கும் அரிப்பு தொடங்குகிறது.

ஆள் மாறியும் அரிப்பு மாறவில்லை என்றால் கோளாறு ஆளிடம் இல்லை, கடையில்தான் இருக்கிறது. அதைப் போக்கப் பெரும் பணம் வேண்டியதில்லை. எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று தெரிந்திருந்தால் போதும்.

செள்ளு என்னும் சிற்றுயிர்

கோழிக் கூண்டில் கைவிட்டவர்களுக்குச் செள்ளு தெரியும். ஆங்கிலத்தில் மைட் என்பார்கள். இது பூச்சி இனம் அல்ல. எட்டுக் கால் கொண்டது. சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. நம் கடைகளில் அரிப்பைத் தருபவை பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது எலிச் செள்ளு. இது எலியின் உடம்பிலேயே எந்நேரமும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. எலி வளையிலும் சுவர் வெடிப்பிலும் மூட்டை இடுக்கிலும் தங்கி, பசித்தபோது எலியின் ரத்தத்தைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். எலி கிடைக்காதபோது மனிதரைக் கடிக்கும். ரத்தம் குடித்த பிறகு சிவந்து, ஊர்ந்து செல்லும் சிறு புள்ளி போலக் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது மாவுச் செள்ளு. மைதா, ரவை, சர்க்கரை, உலர்ந்த பழங்கள், கொப்பரை ஆகியவற்றில் ஈரம் ஏறினால் பெருகும். அரை மில்லிமீட்டர் அளவே இருக்கும். இது கடிப்பதில்லை. இதன் உடலும் கழிவும் தோலில் படுவதால் ஒவ்வாமை ஏற்பட்டு அரிக்கிறது. மருத்துவ நூல்களில் இந்த அரிப்புக்கு நம் தொழிலின் பெயரையே வைத்து ‘குரோசர்ஸ் இட்ச்’, அதாவது மளிகைக்காரர் அரிப்பு என்று எழுதியிருக்கிறார்கள். ரொட்டி சுடுபவர்களுக்கு வருவது ‘பேக்கர்ஸ் இட்ச்’. கொப்பரை ஆலைத் தொழிலாளருக்கு வரும் ‘கொப்ரா இட்ச்’ பற்றி 1910-களின் தொடக்கத்திலேயே கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி எழுதியிருக்கிறார்.

மூன்றாவது வைக்கோல் செள்ளு. தானியத்திலும் வைக்கோலிலும் உள்ள வண்டு, அந்துப் புழுக்களைத் தின்று வாழ்வது. அந்த மூட்டையைத் தொடுபவரையும் கடிக்கும். 1909-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மாலுமிகள் பலருக்கு ஒரே சமயத்தில் உடம்பு தடித்தது. அவர்கள் படுத்திருந்த வைக்கோல் மெத்தைகள் மீது மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கருக்குச் சந்தேகம். இரண்டு மெத்தைகளுக்கு நடுவே தம் வெறுங்கையை வைத்துப் பார்த்தார். அவருக்கும் அதே தடிப்பு வந்தது. வைக்கோலைச் சலித்தபோது செள்ளு அகப்பட்டது. நோய் ஆளிடமிருந்து வரவில்லை, சரக்கிலிருந்து வந்தது என்று உறுதியாயிற்று.

சொறியா, செள்ளா?

உண்மையான சொறியும் ஒருவகைச் செள்ளால் வருவதுதான். அது மனிதத் தோலுக்குள்ளேயே வளை தோண்டிக் குடியிருக்கும். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் அரிக்கும், இரவில் கூடும். வீட்டில் உள்ளவர்களுக்கும் சேர்ந்தே வரும். அதற்கு மருத்துவர் தரும் களிம்பைக் குடும்பம் முழுவதும் ஒரே நாளில் பூச வேண்டும்.

எலிச் செள்ளும் மாவுச் செள்ளும் மனிதத் தோலில் குடியிருப்பதில்லை. கடைக்கு வந்தால் அரிப்பு, இரண்டு நாள் விடுப்பு எடுத்தால் குறைவு, வீட்டில் உள்ளவர்களுக்கு ஒன்றுமில்லை என்றால் கடையைத்தான் சந்தேகிக்க வேண்டும். இதற்குச் சொறிக் களிம்பு பூசிப் பயனில்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. அரிப்பு அப்போதைக்கு அடங்கும். படர்தாமரை இருந்தால் அது பரவிவிடும். அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவரிடம் காட்டி, தாம் எந்தச் சரக்கைக் கையாளுகிறோம் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது.

காசு செலவில்லாத சோதனை

சந்தேகமுள்ள மாவில் ஒரு கரண்டி எடுத்துக் கண்ணாடித் தட்டில் பரப்பி, அட்டையால் மேற்பரப்பைச் சமமாக அழுத்திவிட வேண்டும். அரை மணி நேரம் அசைக்காமல் வைத்துப் பார்த்தால், செள்ளு இருக்கும் மாவில் மேற்பரப்பு வெடித்துக் குழைந்திருக்கும். மூட்டை அடியில் பழுப்பாக மணல் போலத் தூசி படிந்திருந்தாலும் எச்சரிக்கை தேவை.

எலிச் செள்ளுக்கு, எலி நடமாடும் சுவரோரத்திலும் குழாய் ஓரத்திலும் செலோடேப்பை ஒட்டி எடுத்து வெள்ளைத் தாளில் பதிக்க வேண்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துச் செல்லலாம்.

எலி விஷயத்தில் வரிசை முக்கியம்

நம்மில் பலர் செய்வது என்ன? இரவில் எலி மருந்தை வைத்துவிட்டுப் போகிறோம். எலி சுவருக்குள்ளேயோ பரணிலோ செத்துக் கிடக்கிறது. வளையில் இருந்த செள்ளுக்கு இரை போய்விட்டது. உணவில்லாமல் பல நாட்கள் தாக்குப்பிடிக்கும் அது, பிறகு ஆளைத் தேடிக் கிளம்புகிறது. எலி ஒழிந்த பிறகு அரிப்பு கூடியதன் காரணம் இதுதான். ஆகவே எலியையும் அதன் கூட்டையும் சேர்த்தே அகற்ற வேண்டும்.

முதலில் சிந்திய தானியத்தைத் தினமும் மாலையில் பெருக்கி எடுத்து, இரையை நிறுத்த வேண்டும். பிறகு பொறியும் கூண்டும் வைக்க வேண்டும். அகப்பட்ட எலியை அன்றே அப்புறப்படுத்தலாம். மருந்தில் அந்த வசதி இல்லை. அதே நாளில் கூட்டைக் கண்டுபிடித்து, கந்தலையும் காகிதத்தையும் பிளீச்சிங் கலந்த தண்ணீரால் நன்றாக நனைத்துவிட்டு, கையுறை போட்டு எடுத்துப் பையில் கட்டி அகற்ற வேண்டும். உலர்ந்தபடியே பெருக்கக் கூடாது. தூசியோடு நோயும் பறக்கும். எலிச் சிறுநீரால் எலிக் காய்ச்சல் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். கடைசியாக ஓட்டைகளைக் கம்பி வலையும் சிமெண்டும் வைத்து அடைக்க வேண்டும். பென்சில் நுழையும் ஓட்டையில் சுண்டெலி நுழைந்துவிடும்.

விஷ மாத்திரையை மட்டும் தொடவே கூடாது. தானியத்துக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து வரும் வாயு மனிதரைக் கொல்லும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. அதைக் கையாள உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். கடைக்குப் பின்னாலோ மாடியிலோ குடும்பம் குடியிருக்கும் இடங்கள் நம்மிடையே ஏராளம். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் இரண்டு குழந்தைகள் இறந்த செய்தியை நாம் எல்லோரும் படித்தோம். சில மூட்டைகளைக் காப்பாற்ற அந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம்.

மாவுச் செள்ளுக்கு ஈரமே உயிர்

மாவுச் செள்ளு காற்றிலுள்ள ஈரத்தை நம்பி வாழ்வது. உலர்ந்த இடத்தில் வற்றிச் செத்துவிடும். தானியத்தில் ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது பெருகுவது கடினம். ஈரமானி இல்லாதவர்கள் நம் முன்னோர் வழக்கப்படி பல்லில் கடித்துப் பார்க்கலாம். ‘டக்’கென்று உடைய வேண்டும், நசுங்கினால் ஈரம்.

மூட்டையைத் தரையில் போடாமல் கட்டை மேல் அடுக்குங்கள். சுவருக்கும் அடுக்குக்கும் நடுவே ஓர் ஆள் போகும் அளவு இடம் விடுங்கள். வெயில் நாளில் சன்னல்களைத் திறந்து காற்றோட விடுங்கள். மழை நாளில் மூடி வையுங்கள். காலிச் சாக்கை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி மொட்டை மாடியில் முழு நாள் வெயிலில் போடுங்கள். மாவுப் பீப்பாயில் பழைய மாவின் மீது புது மாவைக் கொட்டாமல், காலி செய்து துடைத்து உலர்த்திய பிறகே நிரப்புங்கள். முதலில் வந்த சரக்கு முதலில் போகட்டும்.

செள்ளு விழுந்த மாவை நல்ல மாவோடு கலந்து தள்ளிவிடலாம் என்ற எண்ணம் வரும். அது கூடாது. அப்படிப்பட்ட மாவில் செய்த பலகாரத்தைத் தின்று, ஒவ்வாமை உள்ளவர்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போன நிகழ்ச்சிகள் உலக மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் புழு, வண்டு விழுந்த உணவைப் பாதுகாப்பற்ற உணவு என்றே சொல்கிறது. அந்த நட்டத்தை ஏற்றுக்கொள்வதுதான் மலிவு. சரக்கின் மீது பூச்சி மருந்து தெளிப்பதையும் நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

செலவுக் கணக்கு

ஒரு லென்ஸ், ஒரு செலோடேப், இரண்டு எலிப்பொறி, கையுறை, பிளீச்சிங் பவுடர், கொஞ்சம் கம்பி வலை, அரை மூட்டை சிமெண்ட், நாலு பழைய கட்டை. இவ்வளவுதான் முதலீடு. வேலை செய்பவருக்கு முழுக்கைச் சட்டை ஒன்றும், வேலை முடிந்ததும் குளிக்கத் தண்ணீரும் கொடுத்தால் தடிப்பு பாதி குறையும். போட்ட துணியை வெந்நீரில் துவைக்கச் சொல்லுங்கள்.

அரிப்பு வந்த ஊழியரைக் குற்றவாளியாகப் பார்க்க வேண்டாம். கிட்டங்கியில் உள்ள கோளாறை நமக்கு முதலில் தெரிவித்தவர் அவர்தான். அவரை அனுப்பிவிட்டால் கோளாறும் எலியும் அப்படியே இருக்கும். வேலை தெரிந்த ஆள்தான் போய்விடுவார். அடுத்த வாரம் கடை விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அவரையும் உடன் அழைத்துக்கொண்டு கடைசி அடுக்கின் அடி மூட்டையிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.